குருசடைத் தீவுக்கு நெல்லையிலிருந்து போய்வர

இரவு இரண்டரை மணிக்கு வண்டி பாளையங்கோட்டையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஆறு மணிக்குக் கிளம்புனா போதாதா அண்ணாச்சி?" என்று கேட்காத குடும்பமே இல்லை. ஆறு மணிக்குக் கிளம்பினால், வழியில் காபி, பலகாரம் எல்லாம் முடித்துப் பாம்பன் போய்ச் சேரப் பதினோரு மணி ஆகிவிடும். அதற்குள் காற்று எழுந்து தண்ணீர் கலங்கியிருக்கும். படகின் அடியில் பதித்த கண்ணாடி வழியே பச்சைக் கலங்கல்தான் தெரியும். ராமேஸ்வரம் கோயிலுக்குச் சாயங்காலம்கூடப் போகலாம். கடலுக்கு அதன் நேரத்தில்தான் போக வேண்டும்.

நான் இருபத்திரண்டு வருஷமாக வேன் ஓட்டுகிறேன். திருச்செந்தூர், கன்னியாகுமரி, ராமேஸ்வரம், சீசனில் குற்றாலம், கார்த்திகையில் சபரிமலை என்று என் வண்டி போகாத ஊர் கிடையாது. பாம்பன் பாலத்தில் வண்டியை மெதுவாக ஓட்டினால் எல்லாரும் ரயில் பாலத்தைத்தான் படம் எடுப்பார்கள். தெற்கே கடலுக்குள் பச்சைக் கோடு கிழித்த மாதிரி தெரிகிற நிலம் என்ன என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நானும் ரொம்ப வருஷம் கேட்டதில்லை.

அதுதான் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. பாம்பன் பக்கத்தில் தொடங்கி நம் தூத்துக்குடி வரைக்கும் கரையை ஒட்டியே 21 தீவுகள், அவற்றைச் சுற்றியுள்ள ஆழமில்லாத கடல், எல்லாம் சேர்ந்து 560 சதுர கிலோமீட்டர். 1986-இல் அரசு அறிவித்தது. அதே வருஷம்தான் தூத்துக்குடி நம் திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. என் வயதுக்காரர்களுக்கு அது நினைவிருக்கும், இது நினைவிருக்காது. 21 தீவுகளிலும் நினைத்தபடி கால் வைக்க முடியாது. பொதுமக்களை வனத்துறையே படகில் கூட்டிக்கொண்டு போய் இறக்கிக் காட்டுவது பாம்பனுக்குப் பக்கத்தில் இருக்கிற குருசடைத் தீவை. நான் சொல்லப்போகும் வழி அதற்குத்தான்.

காற்றைப் பார்த்து நாள் குறியுங்கள்

பஞ்சாங்கம் பார்ப்பதற்கு முன்னால் காற்றைப் பார்க்க வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு எளிதாக ஒரு கணக்குச் சொல்கிறேன்: குற்றாலத்தில் அருவி கொட்டுகிற மாதங்களில் குருசடைக்கு நாள் குறிக்காதீர்கள். தென்காசிக்குச் சாரலைக் கொண்டுவருகிற அதே தென்மேற்குக் காற்றுதான் மழையை மலையிலேயே இறக்கிவிட்டு, வெறும் காற்றாகச் சமவெளி தாண்டி ராமநாதபுரம் கரையில் போய் மோதுகிறது. அங்கே மீனவர்கள் கச்சான் காற்று என்பார்கள். வைகாசி பிறந்தால் புரட்டாசி வரைக்கும் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளித்துக்கொண்டுதான் இருக்கும். பாலத்துக்கு வடக்கே பாக் விரிகுடா அப்போது குளம் மாதிரி கிடக்கும். வடக்கே இருப்பது பெண் கடல், தெற்கே இருப்பது ஆண் கடல் என்று அந்த ஊரில் சொல்வது இதனால்தான். நாம் போக வேண்டியது ஆண் கடலுக்கு.

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றும் புயலும். மழைத்தண்ணீர் கலந்து கடல் சிவந்திருக்கும். தை பாதியிலிருந்து பங்குனி முடிய உள்ள நாட்கள்தான் நல்லவை. காற்று அடங்கி, வெயில் இன்னும் ஏறாமல், தண்ணீர் தெளிந்து நிற்கும். சித்திரையில் சில நாட்கள் கடல் அசையாமல் இருக்கும் என்றாலும், அந்த வெக்கையில் வயசானவர்களைக் கூட்டிப்போக எனக்கு மனசு வராது.

ஒருமுறை ஆடி மாதம் பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு போனேன். பயணம் ஏற்பாடு செய்த ஆள், "எல்லாம் பேசியாச்சு, படகு ஓடும்" என்று அடித்துச் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் படகுகள் நங்கூரத்தில் கிடந்து குதித்துக்கொண்டிருந்தன. காற்று மணலை அள்ளிக் கண்ணில் எறிந்தது. அந்தக் குடும்பத்தில் எழுபது தாண்டிய ஒரு பெரியவர், பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். குருசடைத் தீவை வாழ்நாளில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று வந்திருந்தார். காற்று அடங்குமா என்று நாலு மணி நேரம் கரையிலேயே நின்றார். அடங்கவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் பேசவே இல்லை. அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும் நானே போன் போட்டுக் கேட்காமல் வண்டியை எடுப்பதில்லை.

கேட்க வேண்டிய இடம் வனத்துறைதான். பூங்காவின் வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் ராமநாதபுரத்தில் இருக்கிறது. மண்டபத்தில் வனச்சரக அலுவலகம். முந்தின நாள் சாயங்காலம் பேசிவிடுங்கள். நாளைக்குப் படகு ஓடுமா, முதல் படகு எத்தனை மணிக்கு, நாங்கள் இத்தனை பேர், ஒரே படகில் இடம் உண்டா என்று கேளுங்கள். கட்டணத்தையும் அப்போதே கேட்டுக்கொண்டால் கரையில் நின்று பேரம் பேச வேண்டியிராது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருப்பதாகச் செய்தியில் வந்தால் கேட்கவே வேண்டாம், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அமாவாசை அன்று போகாதீர்கள். தை அமாவாசை என்றால் மண்டபத்திலிருந்தே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். சனி, ஞாயிறைவிடச் செவ்வாய், புதன் நல்லது.

எடுத்துக்கொண்டு போக வேண்டியவை

முதலில் தண்ணீர். ராமநாதபுரம் சீமையில் தண்ணீர் உவர்ப்பு. நான் கிளம்பும்போது இருபது லிட்டர் கேன் இரண்டில் நம் தாமிரபரணித் தண்ணீரை நிரப்பி வண்டியின் பின்னால் வைத்துவிடுவேன். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரச் சொல்லுவேன். தீவுக்குள் பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது, கொண்டுபோகவும் வேண்டாம்.

தாமிரபரணி பாபநாசத்தில் இறங்கி, சேரன்மகாதேவி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம் தாண்டி, புன்னைக்காயலில் கலப்பது இதே மன்னார் வளைகுடாவில்தான். பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விட்டுவிட்டு வருகிற பழைய வேட்டி சேலையும், நம் ஊர்ப் படித்துறையில் வீசுகிற ஷாம்பு உறையும், வெள்ளம் வருகிற ஐப்பசியில் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? தீவுக்குப் பிளாஸ்டிக் கொண்டுபோகாமல் இருந்தால் மட்டும் போதாது என்று என் வண்டியில் ஏறும் எல்லாரிடமும் சொல்கிறேன். கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

காலைப் பலகாரம் இட்லி. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டிவிட்டால் மதியம் வரை கெடாது. மதியத்துக்குப் புளியோதரை. எல்லாவற்றையும் ஓலைக்கொட்டானில் வையுங்கள். நம் பக்கத்தில் பனையோலைக் கொட்டானுக்கா பஞ்சம்? பாலிதீன் பை காற்றில் பறந்து கடலில் விழுந்தால் ஆமை அதை இழுதுமீன் என்று நினைத்துத் தின்னும். கொட்டான் பறந்து விழுந்தால் மட்கிப்போகும்.

பின்பக்கம் வார் உள்ள செருப்பு வேண்டும். ரப்பர் செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ளும். வெறுங்காலில் நடந்தால் செத்த பவளத் துண்டு பிளேடு மாதிரி கிழிக்கும். முழுக்கைச் சட்டை, தொப்பி, ஆளுக்கொரு துண்டு. துண்டு எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். படகில் ஏறி இறங்கும்போது காலைத் தூக்கி வைக்க வேண்டும் என்பதால் பெண்களுக்குச் சுடிதார் வசதி. சேலைதான் கட்டுவேன் என்கிற ஆச்சிமாருக்குக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களை முந்தின நாளே கணக்கில் சொல்லிவிட்டால் ஏற்றிவிட ஆள் நிற்பார்கள். வாந்தி வருகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, படகேறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஏறிய பிறகு போட்டால் பிரயோஜனம் இல்லை.

வழி

இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். வல்லநாடு தாண்டித் தூத்துக்குடி, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் குளத்தூர், வேம்பார், சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை. பிறகு ராமநாதபுரம், மண்டபம், பாலம், பாம்பன். தூத்துக்குடியிலிருந்து கொஞ்ச தூரத்துக்கு இரண்டு பக்கமும் உப்பளம். நிலா இருந்தால் பாத்திகள் வெள்ளித் தகடு மாதிரி கிடக்கும். தூங்குகிறவர்களை எழுப்பிவிடுங்கள்.

வேம்பார்ப் பக்கம் வரும்போது வலது கைப்பக்கம் கடலுக்குள் மூன்று தீவுகள் உண்டு. சாலையிலிருந்து தெரியாது. ஒன்றின் பெயர் நல்லதண்ணித் தீவு, இன்னொன்று உப்புத்தண்ணித் தீவு. தொழிலுக்குப் போன ஆட்கள் தாகத்துக்கு ஊற்று தோண்டிப் பார்த்து வைத்த பெயராகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றும். சாயல்குடியில் டீ. பெண்களுக்குக் கழிப்பறை வசதியை அங்கே பெட்ரோல் பங்கிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ராமநாதபுரத்தில் இறங்கலாம் என்று தள்ளிப்போட்டால் ஊருக்குள் போய் நேரம் போகும்.

பாலம் தாண்டிப் பாம்பனில் வலப்பக்கம் திரும்பினால் சின்னப்பாலம் வழியாகக் குந்துகால். அமெரிக்கா, ஐரோப்பா எல்லாம் போய்விட்டுத் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று கால் பதித்தது இங்கேதான். நினைவு மண்டபம் இருக்கிறது. எதிரே கடலுக்குள் தெரிவது குருசடை.

சின்னப்பாலத்தில் பெண்கள் பாசி எடுத்துவிட்டு வருவதைப் பார்க்கலாம். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று இனம் உண்டு. அகர் என்கிற கடல்பாசிக் கூழ் செய்ய இவை போகின்றன. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பிடுங்குகிறார்கள். தாயிடமிருந்து மகள் கற்றுக்கொண்ட தொழில். தீவுகள் பூங்கா ஆன பிறகு, தலைமுறையாகப் பாசி எடுத்த இடங்களுக்குள் போகக் கூடாது என்றாகிவிட்டது. நாம் டிக்கெட் எடுத்துப் போகிற இடத்துக்கு அவர்கள் வயிற்றுப் பிழைப்புக்குப் போக முடியவில்லை. இதில் நியாயம் எந்தப் பக்கம் என்று ஒரே வார்த்தையில் என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடலின் அடித்தரையை விரல் நுனியில் அறிந்தவர்கள் அவர்கள். கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள். ஒரு வணக்கம் சொல்லிப் பேசினால் எந்தப் பாசி எங்கே முளைக்கும் என்று வாய் நிறையச் சொல்வார்கள்.

படகில்

மிதவைச் சட்டை போட்டால்தான் ஏற்றுவார்கள். "எனக்கு நீச்சல் தெரியும்லா" என்று சொல்லிப் பார்க்காதீர்கள். வாரை இழுத்துக் கட்டுங்கள், குழந்தைகளுக்கு நீங்களே கட்டிவிடுங்கள். படகின் அடியில் கண்ணாடி பதித்திருக்கும். அதைச் சுற்றி உட்கார வேண்டும். மீனைப் பார்த்ததும் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதுதான் நம் பழக்கம், அது கூடாது.

இப்போது துண்டு. வெயில் கண்ணாடியில் அடித்து உங்கள் முகம்தான் அதில் தெரியும். துண்டைத் தலையோடு போட்டு மூடிக்கொண்டு, வேது பிடிக்கிற மாதிரி கண்ணாடிக்கு நேர் மேலே குனியுங்கள். வெளிச்சம் அடைபட்டதும் அடித்தரை சட்டென்று மேலே வந்து நிற்கும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பாம்பனைச் சேர்ந்த ஒரு படகோட்டி. "அண்ணே, கண்ணைச் சிமிட்டாம ஒரு நிமிசம் இருங்க, அதுவா வரும்" என்றார்.

முதலில் வெறும் மணல். பிறகு கடற்புல், நெல் நாற்று மாதிரி ஒரே பக்கம் சாய்ந்து ஆடும். கடற்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான். அங்கே அதற்கு ஆவுளியா என்று பெயர். அது கண்ணில் படும் என்று நினைத்துப் போகாதீர்கள், எண்ணிக்கையில் அவ்வளவு குறைந்துவிட்டது. புல் முடிகிற இடத்தில் பவளப்பாறை தொடங்கும். மான்கொம்பு மாதிரி கிளைத்தவை, மூளை மாதிரி மடிந்தவை, குன்று மாதிரி உருண்டு கிடப்பவை. நிறம் படத்தில் பார்ப்பதுபோல் சிவப்பும் நீலமுமாக இருக்காது. பெரும்பாலும் தவிட்டு நிறம், வெளிறிய மஞ்சள், கொஞ்சம் பச்சை. அந்தத் தவிட்டு நிறம்தான் உயிர். பவளத்தின் உடம்புக்குள் குடியிருக்கிற நுண்பாசி கொடுக்கிற நிறம் அது, பவளத்துக்குச் சாப்பாடு போடுவதும் அதுதான். கடல் சூடேறினால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். 2010-இலும் 2016-இலும் கோடையில் இங்கே அப்படித்தான் வெளுத்தது. வெள்ளை வெளேர் என்று ஒரு பாறையைக் கண்டு "எவ்வளவு அழகு!" என்று குழந்தை சொன்னால், அது பட்டினி கிடக்கிறது என்று சொல்லிக்கொடுங்கள். இன்னொரு பாசியும் கண்ணில் படலாம், கொழகொழவென்று பாறையைப் போர்த்தியிருக்கும். அது கப்பாபைகஸ். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வளர்த்தது தப்பிப்போய்க் குருசடைப் பவளத்தின்மேல் ஏறிவிட்டது. வனத்துறை ஆட்கள் முங்கிக் கையாலேயே பிடுங்கி அகற்றுகிறார்கள்.

நான் முதல்முறை துண்டைப் போட்டுக் குனிந்தபோது பார்த்தது ஒரு குன்றுப் பவளம். அம்மி அகலம் இருக்கும். மேலே முழுக்கத் தேனடை மாதிரி பொடிப் பொடிக் குழிகள். ஒவ்வொரு குழியும் ஊசியால் செதுக்கிய பூ. அந்தப் பூவை நான் சின்ன வயசிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஆச்சி வீட்டுத் திண்ணையில் ஒரு இடத்தில் காரை பெயர்ந்து கல் வெளியே தெரியும். மழைக்காலத்தில் விளையாட வெளியே விடாதபோது, அந்தக் கல்லின் பூக்களுக்குள் ஈர்க்குச்சியை விட்டு மணலை நோண்டிக்கொண்டிருப்பேன். தாத்தா சுண்ணாம்புக் காளவாசலில் வேலை பார்த்தவர். வள்ளத்தில் ஆட்கள் கடல் கல்லை உடைத்து ஏற்றிக்கொண்டு வருவார்கள். பெரிய கல் அஸ்திவாரத்துக்குப் போகும். கொம்பு கொம்பாக இருப்பதைச் சல்லி என்பார்கள், அது காளவாசலுக்குப் போகும். நீற்றிய சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு அரைத்துப் பூசினால் சுவர் கண்ணாடி மாதிரி பளபளக்கும் என்று ஆச்சி பெருமையாகச் சொல்லும். அந்தக் கல் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கல் என்றால் கல், அவ்வளவுதான்.

படகோட்டியிடம், கண்ணாடிக்குக் கீழே இருக்கிற அந்தக் கல் எவ்வளவு காலம் வளர்ந்திருக்கும் என்று கேட்டேன். "வருசத்துக்கு ஒரு விரல் அகலங்கூட வளராதுண்ணே" என்றார். பிறகு படித்தும் பார்த்தேன். குன்றுப் பவளம் வருஷத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். எங்கள் திண்ணையில் இருந்தது ஒரு முழக் கல்.

அப்படி உடைத்து உடைத்து எடுத்ததில், 21 தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், தண்ணீருக்குள் போய்விட்டன. தீவைச் சுற்றி இருக்கிற பார்தான், அதாவது பவளப்பாறைத் திட்டுதான், அலையை முதலில் வாங்கிக்கொள்கிறது. பாரை எடுத்துவிட்டால் அலை நேராக மணலில் விழும், மணல் கரையும். 2001-இல் பவளத்தைப் புலி, யானையோடு சேர்த்து வன உயிரினச் சட்டத்தின் முதல் பட்டியலில் வைத்தார்கள். சுனாமிக்குப் பிறகு கல்லெடுப்பும் ஓய்ந்தது.

அதனால்தான் தீவில் இறங்கியதும் எந்தக் கல்லையும், எந்தப் பவளத் துண்டையும் எடுக்காதீர்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது. கரையில் செத்து ஒதுங்கிக் கிடப்பதுதானே என்று தோன்றும். செத்ததானாலும் வைத்திருப்பது குற்றம். அதைவிட, அந்தத் துண்டுகள்தான் குவிந்து தீவின் கரையாக நிற்கின்றன. ஒருமுறை திரும்பி வரும்போது, என் வண்டியில் வந்த ஒரு அம்மா முந்தானையில் மூன்று சல்லித் துண்டுகளை முடிந்து வைத்திருந்தது படகில் தெரிந்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்க ஆசை. அதட்டவில்லை, எங்கள் திண்ணைக் கதையைச் சொன்னேன். அவர்களே முந்தானையை அவிழ்த்துத் தண்ணீருக்குள் விட்டார்கள். நிறுத்திச் சொன்னால் நம் ஜனங்கள் கேட்பார்கள்.

தீவுக்குள் வனத்துறை ஆள் கூட வருவார். அவர் நடக்கிற தடத்திலேயே நடங்கள். சதுப்பில் மாங்குரோவ் மரங்கள் வேரை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த வேர்களுக்கு நடுவே ஒரு விரல் நீள மீன்குஞ்சுகள் கூட்டமாக நிற்பதைப் பார்க்க ஐந்து நிமிஷம் சத்தமில்லாமல் நிற்க வேண்டும். பிளஸ் டூவில் விலங்கியல் படித்தவர்களுக்குப் பாலனோகிளாசஸ் என்ற பெயர் நினைவிருக்கும், முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்டது என்று பாடத்தில் வந்த புழு. அது இந்தத் தீவின் மணலில் வாழ்கிறது. ஆடியில் கரையில் நின்ற அந்தப் பெரியவரை அடுத்த மாசியில் நானே போன் செய்து கூட்டிக்கொண்டு வந்தேன், டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு. மணலில் புழு தள்ளிய மண்சுருளைக் காட்டினார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பார்த்தார். முப்பது வருஷம் கரும்பலகையில் படமாகப் போட்டதாம் அது.

கடல் அட்டை கண்ணில் பட்டால் தொடாதீர்கள். அதுவும் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பதுதான். குளிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூட வருகிறவர் சொல்கிற இடம், சொல்கிற நேரம் தவிர வேண்டாம். பவளத்தின் மேல் கால் வைத்து நிற்பது கூடவே கூடாது, உங்கள் காலும் கிழியும், அதுவும் சாகும்.

தூத்துக்குடியிலேயே நாலு தீவு இருக்கிறதே

இருக்கிறது. வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, முழுகிப்போன விலாங்குசல்லி. நம்மிடமிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான், இதற்காகப் பாம்பன் வரை போகணுமா என்று பலர் கேட்கிறார்கள். பொதுமக்கள் அங்கே இறங்க அனுமதி இல்லை. கரையில் யாராவது காசு வாங்கிக்கொண்டு வள்ளத்தில் கூட்டிப்போகிறேன் என்றால் ஏறாதீர்கள். மாட்டினால் உங்களுக்கு வழக்கு, அந்த ஏழைக்குப் படகு போய்விடும். வான் தீவு தேய்ந்து தேய்ந்து ஒரு கீற்றாகிவிட்டது. 2015-க்குப் பிறகு அதன் கடல் பக்கத்தில் கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கிச் செயற்கைப் பார் அமைத்திருக்கிறார்கள். தாத்தா காலத்தில் எடுத்த கல்லுக்குப் பதிலாக இப்போது கல் கொண்டுபோய்ப் போடுகிறோம். காணும் பொங்கலுக்குத் தூத்துக்குடிக்காரர்கள் கூட்டமாகப் போகிற முயல் தீவு துறைமுகத்தோடு சேர்ந்தது, அது இந்த 21-இல் சேராது.

போன இடத்தில் காற்று திடீரென்று எழுந்து படகை நிறுத்திவிட்டால் சண்டை போடாதீர்கள். தனுஷ்கோடி போங்கள். தை, மாசியில் கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தண்ணீரில் பூநாரைகள் நிற்கும். திரும்புகிற வழியில் நேரம் இருந்தால் தொண்டிச் சாலையில் காரங்காடு, அங்கே மாங்குரோவ் காட்டுக்குள் ஊர்க்காரர்களே படகு விடுகிறார்கள். அது பெண் கடல் பக்கம், ஆனால் நமக்கு வழி சுற்று.

பதினோரு மணிக்குள் தீவிலிருந்து திரும்பிவிட்டால், கொட்டானைத் திறந்து சாப்பிட்டுவிட்டு ராமேஸ்வரம் போய்ச் சாயங்காலம் சாமி கும்பிடலாம். அந்த நேரத்தில் உங்கள் டிரைவரைத் தூங்க விடுங்கள். மரத்தடியில், கதவைத் திறந்து வைத்து, இரண்டு மணி நேரம் முழுசாக. ராத்திரி இரண்டரைக்கு எழுந்தவன் மறுபடி இருநூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். வேம்பார் தாண்டி இருட்டில் அந்தச் சாலையில் ஆடு மாடு படுத்திருக்கும். "அப்படியே ஏர்வாடியையும் பார்த்துட்டுப் போயிருவோம், தம்பி" என்று கேட்டால், தூங்கி எழுந்த டிரைவர் சரி என்பார், தூங்காதவரும் சரி என்றுதான் சொல்வார். நெல்லை வந்து சேர இரவு பத்து மணி ஆகும்.